ருசி பார்க்காத சர்பத்

எண்பதுகளின் நடுவில் நோன்பு மாதம் நகர்ந்து நகர்ந்து கோடை விடுமுறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறை பார்த்து வருகிற மாதம் அது. ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முந்திக்கொள்ளும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, வஜீதா டீச்சர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு நோன்பு பிடித்தாள். சாக்பீஸ் தூள் தொண்டையில் ஒட்டாது. யாரையும் அதட்ட வேண்டாம். சௌகரியம்தான். ஆனாலும் பிள்ளைகள் சத்தம் இல்லாத நோன்பு அவளுக்கு உப்புப் போடாத கஞ்சி மாதிரி இருந்தது. மத்தியானம் கண்ணை மூடினால், பள்ளிக்கூடமும் நோன்பும் ஒன்றாக வந்த அந்தப் பழைய வருஷங்கள் ஞாபகம் வரும். அதிலும் எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடி.

அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலூரில் ஹாஸ்டலில் தங்கி ஆசிரியப் பயிற்சி முடித்து வந்தவளுக்கு, ஊருக்குள்ளேயே ஒரு நகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மழை வரப் போகிறதா என்று பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் சொல்லுவார்கள். ஆடி மாதமானதால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அதோடு போட்டி போட அவள் குரலால் முடியவில்லை. மெல்லிய குரல். மூன்றாவது வரிசை வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கிற பிள்ளைகள் அவள் வாயசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கூட்டல் கழித்தல் வரைக்கும் எப்படியோ ஓடியது. விகிதம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. கரும்பலகையில் 1 : 4 என்று எழுதினாள். எல்லோரும் அழகாகப் பார்த்து எழுதினார்கள். வேடியப்பன் மட்டும் எழுந்து நின்றான். வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

"டீச்சர், நடுவுல ரெண்டு புள்ளி எதுக்கு?"

"ஒண்ணுக்கு நாலுன்னு சொல்றதுக்கு."

"அத ஒண்ணுக்கு நாலுன்னே எழுதிட்டா என்ன டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. வஜீதாவுக்குப் பதில் தெரியும். ஆனால் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அதன் மேல் ஏறிவிட்டது. ஒன்றுக்கு நான்கு என்றால் இரண்டுக்கு எவ்வளவு என்று கேட்டாள். ஐந்து என்று பாதி வகுப்பு கத்தியது. இந்தப் பக்கம் ஒன்று கூடினால் அந்தப் பக்கமும் ஒன்று கூடத்தானே வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

தலைமையாசிரியர் இராமலிங்கம் சார் வராந்தாவில் நடந்துகொண்டே இதையெல்லாம் கேட்டிருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர். வெந்தயத் தண்ணீரை பிளாஸ்க்கில் கொண்டுவந்து மணிக்கொரு தடவை முகம் சுளித்துக்கொண்டு குடிப்பார். கோபப்பட மாட்டார், ஆனால் சொன்னால் சொன்னதுதான். சாயந்தரம் அவளைக் கூப்பிட்டார்.

"உங்களத் தப்பு சொல்லலம்மா. அஞ்சாம் வகுப்புக்குக் கொஞ்சம் தொண்ட வேணும். நீங்க ஒண்ணாம் வகுப்ப எடுத்துக்கங்க, கஸ்தூரி டீச்சர் அஞ்சுக்கு வரட்டும்."

"இந்த வாரம் மட்டும் பாக்கலாங்க சார்," என்றாள். கேட்டதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கெழம நானே வந்து பிள்ளைங்களக் கேக்கறேன். விகிதம் சொல்லிட்டாங்கன்னா உங்க வகுப்பு உங்களுக்கு."

ஐந்தாம் வகுப்பை அவளால் விட முடியாததற்குக் காரணம் இருந்தது. அவள் தெருவில் பெண்பிள்ளைகள் ஐந்தோடு நின்றுவிடுவார்கள். கூடப் படித்தவர்களில் அவள் ஒருத்திதான் ஆறாம் வகுப்பு வாசலை மிதித்தவள். அன்றைக்கு ஒரு டீச்சர் அவள் அம்மாவை உட்காரவைத்து ஒரு வார்த்தை சொன்னதால் நடந்தது அது. ஐந்து முடிந்ததும் டி.சி. வாங்க அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். வகுப்பு டீச்சரிடம்தான் முதலில் வந்து நிற்பார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அதைவிட்டால் வேறு நாள் கிடையாது. ஒண்ணாம் வகுப்பு டீச்சரிடம் யார் வந்து நிற்கப்போகிறார்கள்?

நாலாம் வகுப்பு எடுக்கிற கஸ்தூரி டீச்சருக்கும் இந்த மாற்றத்தில் ஆசையில்லை. அவள் குரல் தேரடி வரைக்கும் கேட்கும். "எனக்கு எதுக்குடி அஞ்சு? இந்த வேடியப்பன நாலாவதுல வச்சு நான் பட்டது போதாதா?" என்றாள். ஆனால் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்ல அவளுக்கும் துணிச்சல் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் மாமாவின் சர்பத் வண்டி நிற்கும். ஜானி பாஷா, அம்மாவின் தம்பி. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் பட்டினி கிடந்துகொண்டே ஊருக்கெல்லாம் நன்னாரி சர்பத் விற்றார். வஜீதா வண்டியோரம் நின்று அவர் கையைப் பார்த்தாள். பாட்டிலிலிருந்து பாகு, குடத்திலிருந்து தண்ணீர், ஒரு சுழற்று.

"மாமு, ருசி பாக்காம எப்படிக் கலக்கறீங்க?"

"அதுல என்னா இருக்குது? மொத கிராக்கி மூஞ்சியப் பாப்பேன். சுளிச்சான்னா ஜாஸ்தி. இன்னொரு தடவ கேட்டான்னா சரி."

"அவன் சுளிச்சா அந்த ஒரு டம்ளர் வீண்தானே?"

"அவன் குடிச்சுட்டான் இல்ல, எனக்கென்ன வீண்?" என்று சிரித்தார்.

மாமாவிடம் கணக்கு எதுவும் இல்லை என்பது தெரிந்துபோயிற்று. ஆனால் அவளுக்கு ஒன்று தோன்றியது. பாகும் தண்ணீரும் பிள்ளைகள் கைக்கே போனால், இனிப்பு கூடினதும் குறைந்ததும் அவர்கள் நாக்குக்கே தெரியுமே. அதற்கு அவள் கத்த வேண்டியதில்லை. இரண்டு பாட்டில் பாகும் வண்டியிலிருந்த கண்ணாடி டம்ளர்களும் வேண்டும் என்றாள். மாமா மறுக்கவில்லை. "ஒடைஞ்சா மட்டும் எங்கிட்ட சொல்லாத, உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு இரண்டு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தது. நடுவில் கூட்டத்துக்கொரு அலுமினியக் குண்டான். முதலில் ஒரு டம்ளர் பாகுக்கு நாலு டம்ளர் தண்ணீர். எல்லோரும் குடித்தார்கள், நன்றாக இருந்தது. அடுத்து, "இப்ப ரெண்டு டம்ளர் பாகு. அதே ருசி வரணும். எத்தன தண்ணி?" என்றாள்.

வேடியப்பன் கூட்டம் ஐந்து ஊற்றியது. முன்னி பேகம் கூட்டம் எட்டு ஊற்றியது. முன்னி, வஜீதாவின் பக்கத்து வீட்டுப் பெண். கணக்குப் போட்டு ஊற்றினாளா, கை போன போக்கில் ஊற்றினாளா என்று கடைசிவரை தெரியவில்லை. குண்டானுக்குள் பார்த்தால் இரண்டும் ஒரே கருப்பு.

"குடிச்சுப் பாருங்க," என்றாள் வஜீதா.

அங்கேதான் அவள் திட்டம் கவிழ்ந்தது. அவரவர் குண்டான் அவரவருக்கு இனித்தது.

"எங்களுதுதான் டீச்சர் சரி."

"போடா, உங்களுது மருந்து மாதிரி இருக்குது."

"உங்களுது கழுவின தண்ணி."

டம்ளர்கள் மறுபடி மறுபடி குண்டானுக்குள் போயின. யாரும் எண்ணவில்லை. பாடம் மொத்தமும் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. "டீச்சர், நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று வேடியப்பன் ஒரு டம்ளரை நீட்டினான். சத்தத்தை எப்படியாவது நிறுத்தவேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்த வஜீதா அதை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

சத்தம் நின்றுவிட்டது. முன்னி பேகம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"டீச்சர் நோன்பு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அதே நேரம் வாசலில் இராமலிங்கம் சார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது தரையெல்லாம் ஈரம், பிள்ளைகள் கையிலெல்லாம் டம்ளர், டீச்சர் கையிலும் ஒரு டம்ளர்.

"என்னம்மா, உங்க மாமா வண்டி உள்ளேயே வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வஜீதா குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள். முந்தானையால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி டீச்சர் பின்னாலேயே வந்தாள்.

"என்னா வஜீதா, நோன்பு போச்சா?"

"மறந்து குடிச்சா முறியாதுங்கக்கா."

"அப்ப தெனமும் கொஞ்சம் மறந்துக்கோயேன்."

"ஒருதடவதாங்க்கா மறக்க முடியும்," என்றாள் வஜீதா. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கண்ணில் தண்ணீரும் வந்தது. நோன்புக்காக வந்த கண்ணீர் இல்லை அது. வகுப்பு கைவிட்டுப் போய்விட்டது என்று அப்போதே அவளுக்கு நிச்சயமாகிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது வகுப்பு ஏற்கனவே எழுந்து நின்றுகொண்டிருந்தது. வேடியப்பன் வழக்கமான சிரிப்பு இல்லாமல் முன்னால் வந்தான்.

"டீச்சர், நோன்பு இருக்கறவங்களக் குடிக்க வச்சா பாவம்னு எங்கம்மா சொல்லிச்சு. நான்தான் டம்ளர் குடுத்தேன்."

"நோன்பு முறியல வேடியப்பா. மறந்து குடிச்சா குத்தமில்ல."

"இருந்தாலும் டீச்சர்." அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். இதையெல்லாம் பேசி முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "நாளைக்கு நீங்க நோன்பு தெறக்கறதுக்கு நாங்களே சர்பத் கலக்கித் தர்றோம். உங்க வீட்டுக்கும் முன்னி வீட்டுக்கும். மொத்தம் இருபது டம்ளர். முன்னி எண்ணிச் சொல்லிட்டா."

நாளைக்கு வியாழக்கிழமை. பாட்டிலில் பாகு மிச்சமிருந்தது. வஜீதா யோசித்தாள். "சரி, ஆனா கலக்கி நீங்க எல்லாரும் ருசி பாத்து..."

"ருசி பாக்கக் கூடாது டீச்சர்."

இப்படிச் சொன்னது வேடியப்பன் இல்லை. கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்காருகிற பச்சையம்மாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்து வஜீதா பார்த்ததில்லை. எல்லோரும் திரும்பியதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சொல்லிமுடித்தாள்.

"எங்கம்மா மாரியம்மன் கோயிலுக்குக் கூழு காய்ச்சும். படைக்கற வரைக்கும் நாக்குல வைக்காது. எச்சலாயிடும். நோன்புக்குக் குடுக்கறதும் அப்படித்தானே டீச்சர்?"

அப்படி இல்லை என்று வஜீதா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளிவாசலில் கஞ்சி கிண்டுகிறவர்களும் ருசி பார்க்காமல்தான் கிண்டுகிறார்கள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதைவிட இன்னொன்று அவளுக்குப் பிடிபட்டது. ருசி பார்க்கலாம் என்று இருக்கிறவரை இந்தப் பிள்ளைகளுக்கு விகிதம் எதற்கு? நாக்கு இருக்கிறதே. நாக்கை விட்டுவிட்டால்தான் எண்ண ஆரம்பிப்பார்கள்.

"சரி பச்சையம்மா. யாரும் நாக்குல வைக்கக் கூடாது," என்றாள்.

வியாழக்கிழமை பிற்பகல் இராமலிங்கம் சார் பிளாஸ்க்கோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் டம்ளர்களைக் கழுவித் துடைத்துத் தரையில் வைத்திருந்தார்கள். விரலைச் சூப்பிவிடுவானோ என்று ஒருவனை ஒருவன் காவல் காத்தார்கள்.

"ருசி பாக்காம இது சரியா இருக்குன்னு எப்பட்றா சொல்லுவ?" என்று கேட்டார்.

"நீங்க வேணா குடிச்சுச் சொல்லுங்க சார்," என்றான் வேடியப்பன்.

"எனக்கு சர்க்கரைடா. இதத் தொட்டேன்னா டாக்டர் என்னை வெட்டிடுவாரு."

"அப்ப உங்களுக்கும் நோன்பு சார்."

"ஆமா. வருஷம் பூரா," என்றார்.

இருபது டம்ளர் சர்பத்துக்கு எத்தனை பாகு என்று அடுத்துக் கேட்டார். வேடியப்பன் உடனே ஐந்து என்றான். நாலு தண்ணிக்கு ஒன்று என்றால் இருபதுக்கு ஐந்து, இதில் என்ன கஷ்டம்? நிறையப் பேர் தலையாட்டினார்கள். வஜீதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். திருத்தவேண்டும் என்று நாக்கின் நுனி வரை வந்தது.

பச்சையம்மாள் எழுந்து வந்து டம்ளர்களுக்கு முன்னால் குந்தினாள். பாகு டம்ளர் ஒன்றை வைத்து, பக்கத்தில் நாலு தண்ணீர் டம்ளர்களை ஒரே கோட்டில் வைத்தாள். கருப்பாக ஒன்று, தெளிவாக நாலு. அதற்குக் கீழே இரண்டாவது பாகு டம்ளரை வைத்தாள். இருபதை நாலால் வகுக்கத் தெரிந்த வேடியப்பன், வரிசை என்றதும் பழைய கூட்டலுக்கே போய், உதவுகிறவன் போல அதன் பக்கத்தில் ஒரே ஒரு தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு கூட்டியாச்சு. ரெண்டுக்கு அஞ்சு."

பச்சையம்மாள் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேல இருக்கற பாகுக்கு நாலு தண்ணி. இதுக்கு ஒண்ணுதானா? இது என்னா பாவம் பண்ணிச்சு?"

வேடியப்பன் வரிசையை உற்றுப் பார்த்தான். இரண்டாவது வரிசை முடமாக நின்றது. போய் இன்னும் மூன்று தண்ணீர் டம்ளர் கொண்டுவந்து வைத்தான்.

மூன்றாவது வரிசை, நாலாவது வரிசை. பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். வேடியப்பன் ஐந்தாவது பாகோடு தயாராக நின்றான்.

"போதும்டா. இருபது ஆயிடுச்சு," என்றாள் முன்னி பேகம்.

"நான் அஞ்சு பாகுன்னு சொன்னேனே."

"அத வச்சா இருபத்தஞ்சு பேரு வரணும். எங்க வீட்டுக்கு அவ்ளோ பேர எங்க போய்க் கூட்டியார்றது?"

அவன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான், வரிசைகளைப் பார்த்தான். "பாகும் டம்ளர் கணக்குல சேருதா?" என்று தனக்குள் கேட்டுக்கொள்கிற மாதிரிக் கேட்டான். அவனுக்கு இன்னும் தெரியாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தெரிந்ததும் பாகை பாட்டிலில் திருப்பி ஊற்ற ஆரம்பித்தான். ஊற்றும்போது கொஞ்சம் கையில் வழிந்தது. பழக்கத்தில் விரல் வாய்ப்பக்கம் போக, நாலைந்து பேர் பாய்ந்து கையைப் பிடித்தார்கள். இராமலிங்கம் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு எழுந்து கரும்பலகைக்குப் போனார். பாகுக்கும் தண்ணீருக்கும் விகிதம் என்ன? ஒருவன் 4 : 16 என்றான். இன்னொருத்தி 1 : 4 என்றாள். இரண்டையும் எழுதினார். எது சரி என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றாள் பச்சையம்மாள். தரையைக் காட்டினாள். "அது ஒரு வரிச. இது நாலு வரிச."

"பரீட்சையில தரையில டம்ளர் இருக்காதும்மா. மூணு வரிசைன்னா?"

பச்சையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் பாவாடை மேல் மெல்ல அசைந்தன. "மூணுக்குப் பன்னெண்டு."

ஏழுக்கு என்று கேட்டார். அவள் சொல்வதற்கு முன்னால் இருபத்தெட்டு என்று வேடியப்பன் சொன்னான். தலைமையாசிரியர் பிளாஸ்க்கை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

நாலு பாகும் பதினாறு தண்ணீரும் குண்டானில் ஒன்றாயின. மேலே வெள்ளைத் துணி கட்டி, வஜீதாவும் முன்னியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனை வரை வகுப்பில் பாதி கூடவே வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை மென்றுவிட்டு வஜீதா ஒரு டம்ளர் குடித்தாள். செவ்வாய்க்கிழமை முதலில் கலக்கிக் கொடுத்த அளவேதான். தித்திப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா இரண்டாவது டம்ளர் கேட்டாள். ஆனால் வஜீதாவின் நினைப்பு பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. தலைமையாசிரியர் பதில் சொல்லாமல் போன முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் அவர் அவளை வராந்தாவில் நிறுத்தினார்.

"உங்க வகுப்புல எறும்பு பாத்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"பாகு சிந்தினது. வரிச வரிசையா என் ரூம் வரைக்கும் வந்துடுச்சு. அஞ்சாம் வகுப்ப நீங்களே வச்சுக்கங்க, ஆனா மொதல்ல அதக் கழுவி விடுங்க. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களக் கடிக்குது."

அவள் தலையாட்டினாள். நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்து வாயைத் திறப்பதற்குள் அவர் தன் அறை வாசலில் எறும்புகளை மிதிக்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

வகுப்பில் தண்ணீர் ஊற்றி விளக்குமாறால் தள்ளினார்கள். பிள்ளைகள் பாவாடையையும் டவுசரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி விளையாடினார்கள். பச்சையம்மாள் மட்டும் மூலையில் குந்திக் கல்லிடுக்கில் ஒட்டியிருந்த பாகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வஜீதா அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"சர்பத் நல்லா இருந்துச்சா டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு. பச்சையம்மா, உங்கம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் எப்ப வருவாங்க?"

"டி.சி. வாங்க வருவாங்க டீச்சர். அஞ்சோட போதும்னு சொல்லியிருக்காங்க."

வஜீதா விளக்குமாறை வாங்கித் தானும் கொஞ்சம் தேய்த்தாள்.

"அவ்ளோ நாள் வேணாம். திங்கக்கெழம நான் சொன்னேன்னு கூட்டிட்டு வா," என்றாள்.